செம்பியனுக்காக ஒரு மொட்டை

லூதியானா
6.7.2003

முருகன் துணை.

பாசமுள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் மயிலாள் வணக்கம் சொல்லி எழுதுவது. நாங்கள் நால்வரும் இங்கே சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, மாமாவுக்குச் சளி விட்டதா, எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளைக்கு ஸ்வெட்டர் கம்பெனியில் மிஷின் பார்க்கிற வேலை பிடித்துவிட்டது. திருப்பூரில் பனியன், இங்கே ஸ்வெட்டர், அவ்வளவுதான் வித்தியாசம் என்கிறார். அவருக்கென்ன, மிஷினோடு தமிழிலேயே பேசிக்கொள்வார். எனக்குத்தான் நாக்கு துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் அக்கா. இந்த ஊர் கேபிளில் தமிழ்ச் சேனல் ஒன்றுகூட வராது என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் நான் ரயிலே ஏறியிருக்க மாட்டேன்.

‘பதினெட்டாம் கேணி’ நாடகத்தை எந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தேன் தெரியுமா? கேணியைத் திறந்தால் நீர்ப்பேய் வந்து ஊரையே அழித்துவிடும் என்று எல்லோரும் நடுங்க, செம்பியன் மட்டும் திறந்தே தீருவேன் என்று நின்றான். பெற்ற அப்பாவே “இனி இந்த வாசப்படியை மிதிக்காதே” என்று அவனைத் துரத்தினாரே, அந்த இடம்! வியாழக்கிழமை எட்டு மணி ஆனால் எனக்குக் கை கால் ஓடுவதில்லை. எஸ்.டி.டி.யில் கூப்பிட்டால் சளி, காய்ச்சல் விசாரிப்பதற்குள் மீட்டர் பறந்துவிடுகிறது. அதனால் நீங்கள்தான் கதையை விடாமல் எழுத வேண்டும்.

அப்புறம், குமரன் சேதி உண்டா? சர்ச்சுக்குப் போகிற தூத்துக்குடிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று தை மாதம் மாமா பெற்ற பையனையே வெளியே போகச் சொன்னதோடு சரி. அவன் மண்ணரையில் லைன் வீட்டில் இருக்கிறான், நீங்கள் சாமளாபுரத்தில். ஒரே டவுன் பஸ் தூரம்தானே? நீங்கள் போனீர்களா, அவன் வந்தானா? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் தங்கை
மயிலாள்


சாமளாபுரம்
20.7.2003

என் கண்ணு மயிலாளுக்கு அக்கா பழனியம்மாள் ஆசீர்வாதம். மாப்பிள்ளையும் குழந்தைகளும் நன்றாக இருக்க முருகன் அருளட்டும். என் முழங்கால் அப்படியேதான். உன் மாமாவுக்குச் சளி போய்விட்டது, முன்கோபம் மட்டும் பாக்கி.

கதைக்கு வருகிறேன். துரத்திவிட்ட பிறகு செம்பியன் ஊருக்கு வெளியே இடிந்த மண்டபத்தில் படுத்துக் கிடக்கிறான். அவன் அம்மா பொன்னாத்தா வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒரு போசியில் சோறு கொண்டுபோய் வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, மகன் முகத்தைப் பார்க்காமலே திரும்பினாள். நம் தறிக் குடோனில் தார்க் குச்சியில் நூல் சுற்றுகிற ராமாயி மூக்கைச் சிந்திச் சிந்தி என் முந்தானையையே எடுத்துத் துடைத்துவிட்டாள். வியாழக்கிழமை ஆனால் வேலை முடிந்து நேராக நம் வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள்.

உன் மாமா பார்ப்பதில்லை. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். “பேயாம், கெணறாம், வேலவெட்டி இல்லாதவனுங்க” என்று திட்டிக்கொண்டே ரிப்பேரான தறி நாடாக் கட்டை ஒன்றைச் சரிசெய்கிற சாக்கில் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்காருவார். வாராவாரம் அதே நாடாதான். போன வாரம் ராமாயி, “கேணிச் சாவி பூசாரிகிட்டத்தானுங்க்கா இருக்குது?” என்று என்னைக் கேட்டாள். “பூசாரிகிட்ட எங்க இருக்குது, மாமங்காரன் புடுங்கிட்டுப் போனானல்லொ!” என்று கதவோரத்திலிருந்து பதில் வந்தது. நானும் ராமாயியும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

மழை இல்லை. கரண்ட்டு இருக்கிறவரை தறி ஓடுகிறது. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்கா
பழனியம்மாள்


லூதியானா
3.8.2003

அன்பு அக்காவுக்கு மயிலாள் எழுதுவது. எங்களுக்கு நோய்நொடி ஒன்றும் இல்லை. வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது.

உங்கள் கடிதம் இங்கே எவ்வளவு பெரிய ஆளாகிவிட்டது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் கூடுகின்றன. நான் நடுவில் நின்று சத்தமாக வாசிக்கிறேன். பொன்னாத்தா சோறு வைத்த இடத்தில் மதுரைக்காரி சித்ராதேவி “ஏன்டி, ஒரு வார்த்தை பேசிட்டு வந்தா என்னடி கொறஞ்சு போச்சு ஒனக்கு?” என்று பொன்னாத்தாவை வைய ஆரம்பித்துவிட்டாள். வாசிக்கிற எனக்கே திட்டு விழுந்தது போல இருந்தது. மாமாவின் நாடாக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை என்று முடித்திருக்கிறீர்கள். நான் விசேஷத்தைக் கேட்கவில்லை அக்கா. குமரனைக் கேட்டேன்.

உங்கள் முழங்காலுக்கு இங்கே கிடைக்கிற கடுகெண்ணெய் நல்லதாம். யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

மயிலாள்


சாமளாபுரம்
24.8.2003

மயிலா, செம்பியன் போய்விட்டான்!

நலம்கூட விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன், மன்னித்துக்கொள். கேணிக்குள் இறங்கினான். பாதியில் கயிறு அறுந்தது. தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை. அவன் அப்பா மேலே நின்று எட்டிப் பார்த்து, “எனக்குப் பையனே பொறக்கலன்னு நெனச்சுக்கறேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவனெல்லாம் மனுஷனா?

மறுநாள் ஊரில் ஒரு வேலை உருப்படியாக நடக்கவில்லை. டீக்கடை கன்னையன் பேப்பரில் வந்த செம்பியன் போட்டோவை வெட்டி, கறுப்புக் கட்டம் போட்டு, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று நோட்டீஸே அடித்து ஒட்டிவிட்டார். பல்லடத்திலிருந்து பாவு நூல் கொண்டுவந்த வேன்காரர் அதைப் பார்த்துவிட்டு, “யாருங்க தவறிப்போனது? சின்ன வயசாட்ட இருக்குது” என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாராம். ராமாயி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “கெணத்துச் சொவத்துல ஆலவேரு ஒண்ணு காமிச்சாங்க. அதப் புடிச்சிருப்பானுங்க்கா” என்று சாதிக்கிறாள்.

உன் மாமா டீக்கடையில் போய்ப் பெரிய சண்டை. “பெத்தவன் பேச்சக் கேக்காம எறங்குனா விழுகத்தான் விழுகோணும். அந்தப் பெரிய மனுசன் மேல என்ன தப்பு?” என்று ஊரையே எதிர்த்துக் கத்திவிட்டு வந்திருக்கிறார். வந்தவர் சாப்பிடவில்லை. வயிறு மந்தம் என்றார். அடுத்த நாளும் மந்தம்தான்.

எனக்கு மனசே ஆறவில்லை. மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து பழனி முருகன் படத்துக்குப் பக்கத்தில் கட்டிவிட்டேன். “செம்பியன் உசுரோட ஏறி வந்தா எங்கூட்டுக்காரரு தலைமுடியும் மீசையும் உனக்குத்தான் சாமி” என்று வேண்டிக்கொண்டேன். என் முடியை நேர்ந்திருக்கலாம். பதட்டத்தில் வாயில் அவர் முடிதான் வந்தது. அவருக்குத் தெரியாது. நீயும் உளறிவிடாதே.

அக்கா


லூதியானா
7.9.2003

அக்காவுக்கு வணக்கம். நாங்கள் நலம்தான், ஆனால் செம்பியன் சேதி கேட்டு வீடே இழவு வீடாகிவிட்டது. நான் வாசித்து முடித்ததும் சித்ராதேவி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மாமா மீசையையா நேர்ந்தீர்கள்? அட முருகா! கல்யாணப் பந்தலில் அந்த மீசையைப் பார்த்துத்தானே நம் அம்மாவே பயந்துபோனாள்! அடுத்தவர் தலையை நேர்ந்துவிடுவதில் நம் ஊர்ப் பெண்களை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. டிவியில் வருகிற பையன் திரும்பி வர வேண்டும் என்று காசு முடிந்திருக்கிறீர்கள். மண்ணரையில் இருக்கிற பையனுக்கும் ஒரு காசு முடிந்தால் என்ன? முருகன் வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்? நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் பொன்னாத்தாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். எனக்கு என் அக்காவைப் பற்றி நாலு வரி போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மயிலாள்


சாமளாபுரம்
21.9.2003

கண்ணு மயிலாளுக்கு, இங்கே எல்லோரும் இருக்கிறோம். அங்கே குளிர் தொடங்குமுன் குழந்தைகளுக்குக் கம்பளி வாங்கிவிடு.

செம்பியனைக் கொன்றது பொறுக்காமல் ஜனங்கள் சேனலுக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறார்கள். “இனிக் கதை எப்படிப் போகவேண்டும்? அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள், நல்லதைப் படித்துக் காட்டுகிறோம்” என்று இப்போது அவர்களே அறிவித்துவிட்டார்கள். தபாலாபீசில் கார்டே தீர்ந்துபோய்விட்டது. ராமாயி சொல்லச் சொல்ல நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஆலவேரைப் பற்றித்தான், வேறென்ன!

ஒன்று நடந்தது. உன் மாமா சாமி படத்துக்குத் திருநீறு எடுக்கப் போனவர் மஞ்சள் முடிச்சைப் பார்த்துவிட்டார். “இது எதுக்கு முடிஞ்சது?” என்றார். நாடகத்துக்கு என்று எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கத்துவார் என்று பார்த்தால், “நல்லா முடிஞ்சிருக்குதான்னு பாத்துக்கோ புள்ள, அவுந்துறப் போகுது” என்று சொல்லிவிட்டுக் குடோனுக்குப் போய்விட்டார்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது? என்னிடம் இருந்தது ஒரு காசுதான்.

அக்கா


லூதியானா
19.10.2003

அன்பு அக்காவுக்கு மயிலாள். நாங்கள் சுகம். உங்கள் சுகம்தான் தெரியவில்லை.

ஒரு மாதமாகிவிட்டது, கடிதம் இல்லை. பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நான் எழுதியதில் ஏதாவது சுருக்கென்று தைத்துவிட்டதா? அப்படியானால் வாய்க்கொழுப்பு என்று நினைத்து மறந்துவிடுங்கள். செம்பியன் கதைகூட வேண்டாம். நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். தீபாவளிக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளும்போது உங்கள் ஞாபகமாகவே இருக்கும்.

மயிலாள்


சாமளாபுரம்
26.10.2003

என் ராசாத்தி மயிலாளுக்கு அக்கா ஆயிரம் ஆசீர்வாதம். உன்மேல் எனக்கு என்ன கோபம்? பேனா எடுக்க நேரம் இருந்தால்தானே!

முதலில் இருந்து சொல்கிறேன். போன அமாவாசைக்கும் முந்தி ஒரு வியாழக்கிழமை. நாடகம் முடிந்ததும் சேனல்காரப் பெண் வந்த கார்டுகளைப் படித்தாள். ஒருவர் பேயைக் கொல்லச் சொல்கிறார், ஒருவர் செம்பியனுக்குத் தம்பி உண்டாக்கச் சொல்கிறார். ராமாயி தன் கார்டு எப்போது வரும் என்று வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தாள். அப்போது அந்தப் பெண் இதைப் படித்தாள். எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

“செம்பியனுடைய அப்பா செய்தது தப்பு. அது அவருக்கும் தெரியும். போகச் சொன்ன வாயால் வா என்று எப்படிக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. அதனால் பையனே ஏறி வரட்டும். வந்தால் கதவு சாத்தியிருக்காது. இப்படிக்கு ஆ. வேலுமணி, தறிக் குடோன், சாமளாபுரம்.”

நாங்கள் இருவரும் கதவோரம் திரும்பிப் பார்த்தோம். “என்னயெதுக்குப் பாக்கறீங்க? சாமளாபுரத்துல வேலுமணி நான் ஒருத்தந்தானா?” என்றார். நாடாவைக் கீழே போட்டுவிட்டுப் பொடக்காளிப் பக்கம் போனவர் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டே இருந்தார். மறுநாள் டீக்கடையில் யாரும் கிண்டல் செய்யவில்லை. கன்னையன் கேட்காமலே டீயை ஆற்றிக் கையில் கொடுத்தாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இதுவரை நான் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை, ஆனால் நம் மருமகள் என்று தெரிந்துவிட்டது. விஜயராணி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நேராக உன் மாமாவைப் பார்த்து, “மாமா, டிவில ஒங்க பேரச் சொன்னாவ. அவிய அன்னையிலருந்து சரியாச் சாப்பிடல. இப்ப பஸ் ஸ்டாப்புல நிக்காவ. வரலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாவ” என்றாள். பயந்த மாதிரியே தெரியவில்லை. வாழைப்பழத்தைக் கொடுக்கத்தான் மறந்துவிட்டாள்.

உன் மாமா எழுந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்தார். “இந்த வெயில்ல எதுக்கு அங்க நிக்கறான்? கதவு தொறந்துதான கெடக்குது. கூட்டிட்டு வா கண்ணு” என்றார்.

குமரன் வந்தான். இளைத்துவிட்டான். அப்பனும் மகனும் மூஞ்சியைப் பார்த்துக்கொள்ளவே இல்லை. “கடைசித் தறி ரெண்டு நாளா இழுத்துப் புடிக்குது, என்னன்னு பாரு” என்றார் அவர். இவன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தறிக்கு அடியில் புகுந்துவிட்டான். நான் அடுப்படியில் நின்று வாய்விட்டு அழுதேன். அன்றைக்குத்தான் எத்தனை மாதமாக அழாமல் இருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது. விஜயராணி என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் குழம்பைக் கிளறினாள்.

தீபாவளிக்கு இருவரும் இங்கேதான். எண்ணெய் நான்தான் வைத்துவிட்டேன். அவன் பேரை உனக்கு எழுதாமலே இருந்தேன் அல்லவா? எழுத உட்கார்ந்தால் பேரைத் தாண்டி மேலே போக முடியாது மயிலா. அதனால்தான் செம்பியனைப் பற்றியே எழுதினேன்.

அக்கா


லூதியானா
9.11.2003

என் அக்காவுக்கு, மாமாவுக்கு, குமரனுக்கு, விஜயராணிக்கு, எல்லோருக்கும் மயிலாள் வணக்கமும் ஆசீர்வாதமும். எவ்வளவு நாள் கழித்து இத்தனை பேர் பேரை ஒரே வரியில் எழுதுகிறேன்!

உங்கள் கடிதத்தை வழக்கம்போல எல்லோர் முன்னாலும் பிரித்தேன். “கூட்டிட்டு வா கண்ணு” வரைக்கும்தான் என்னால் வாசிக்க முடிந்தது. மீதியைச் சித்ராதேவி வாங்கி வாசித்தாள். உங்கள் மாப்பிள்ளை கண்ணில் தூசு என்று வெளியே போனார்.

எல்லாம் சரி அக்கா, செம்பியன் என்ன ஆனான்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை! இங்கே எல்லோரும் என்னைப் பிடுங்கி எடுக்கிறார்கள். மாமாவின் மீசை இருக்கிறதா, போயிற்றா?

மயிலாள்


சாமளாபுரம்
7.12.2003

கண்ணு மயிலாளுக்கு அக்கா எழுதுவது. முழங்கால் வலியோடு பழனி மலை ஏறி இறங்கி வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். ஆச்சரியம், வலி அவ்வளவாக இல்லை.

செம்பியன் ஏறி வந்துவிட்டான். ஆலவேரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். ராமாயியை இனி ஊரில் யாரும் அடக்க முடியாது. கன்னையன் அந்தக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் மேலேயே ‘வருக வருக’ என்று இன்னொன்றை ஒட்டிவிட்டார்.

அவன் கேணிக்கு வெளியே காலை வைத்ததும் எனக்கு மீசை ஞாபகம் வந்துவிட்டது. முருகனிடம் சொன்ன சொல் ஆயிற்றே! மெல்ல உன் மாமாவிடம் போய், “ஏனுங்க, உங்க தலையையும் மீசையையும் பழனிக்கு நேந்திருக்கறனுங்க. நேரம் வந்துருச்சுங்க” என்றேன்.

“வேண்டுதல்னு தெரியும் புள்ள. அதான் அன்னைக்கே முடிச்சப் பாத்தனே. பையன் வந்துட்டானல்லொ, போலாம்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அது குமரனுக்கு முடிஞ்சதில்லீங்க, செம்பியனுக்கு முடிஞ்சதுங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். “டிவி நாடகத்துக்கா? நீ குமரனுக்குத்தான் வேண்டிட்டு வாயத் தொறக்காம நிக்கறேன்னு நெனச்சு, மனசு கேக்காம நான் கார்டு எழுதிப் போட்டனே!” என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படிக்கு ஓடப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது மயிலா. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. குமரனும் விஜயராணியும் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

நாலு பேரும் பழனிக்குப் போனோம். முடி எடுக்கிறவர் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, “என்ன வேண்டுதலுங்க?” என்று கேட்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நாடகத்துக்கு என்று சொல்லி மானத்தை வாங்கிவிடுவாரோ என்று பயம். உன் மாமா கண்ணை மூடிக்கொண்டு, “பையன் ஒருத்தன் கெணத்துல விழுந்துட்டானுங்க. நாந்தான் தள்ளிட்டேன். ஏறி வந்துட்டான்” என்றார்.

குமரன் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, “எனக்கும் எடுத்துருங்க” என்று தலையைக் குனிந்துகொண்டான். விஜயராணி இரண்டு பேர் துண்டையும் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு மொட்டையும் ஒரே வார்ப்பு என்று சிரித்தாள். மீசை இல்லாமல் உன் மாமா பச்சைக் குழந்தை மாதிரி இருக்கிறார். நான்தான் இன்னும் பழகவில்லை.

நான் காசு முடிந்தது செம்பியனுக்குத்தான். முருகனுக்கு எப்படிக் கேட்டதோ, நான் கேட்கப் போவதில்லை.

ஒரு விஷயம். போன வியாழக்கிழமையோடு ‘பதினெட்டாம் கேணி’ முடிந்துவிட்டதாம். அன்றைக்குத்தான் பழனியிலிருந்து திரும்பினோம். வீடு நிறைய ஆட்கள். பஞ்சாமிர்தம் கொடுத்து, ஆளாளுக்கு மொட்டையைத் தடவிப் பார்த்து, சோறு போட்டு, ஒரே இரைச்சல். ராமாயியும் பந்தியில்தான் பரிமாறிக்கொண்டிருந்தாள். டிவியைப் போட ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. டீக்கடையில் ஒன்றுக்கு நாலு முடிவு சொல்கிறார்கள். அதை நம்ப முடியாது.

அந்தச் சித்ராதேவியிடம் சொல்லி, மதுரையில் அவள் ஆட்கள் யாரையாவது விசாரித்து, செம்பியனும் அவன் அப்பாவும் கடைசியில் பேசிக்கொண்டார்களா என்று கேட்டு எனக்கு எழுது.

அக்கா
பழனியம்மாள்